சிலுவைத் தண்டலின் ஒருசந்தி

கடலை வென்றவனுக்குப் பசியை வெல்வது ஒரு காரியமே அல்ல. பசியை வென்றவனைக் கண்டால் மரணமும் ஒதுங்கி வழிவிடும். இந்த மகத்தான உண்மையைச் சிலுவைத் தண்டல் உலகத்துக்கு அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்த கையோடு, கோயில் மதிலோரம் வண்டி நிறுத்துகிற இடத்தில். அறிவித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், கறிக்குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல் என்று தட்டைத் தள்ளிவைத்தார். அடுக்களையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதை இழுத்து வைத்துக்கொண்டு வழித்துத் தின்றார். நிறைமாத வயிற்றோடு கதவருகே நின்ற மகள் ஜெனோ அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போன தோணியில் சிலுவை தண்டலாக இருந்தார். தோணியை விட்டு இறங்கி ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. பதவியை விட்டு மட்டும் இறங்கவில்லை. வீட்டில் தண்ணீர் மோட்டார் போடுவதென்றாலும் அவர் உத்தரவு கொடுக்க வேண்டும். கொடுப்பார். அவர் மனைவி பேபி தன் இஷ்டத்துக்குப் போடுவாள்.

அன்று கோயில் வாசலில் அவர் அறிவித்தது ஒரு நேர்ச்சை.

“எம் மவளுக்கு வார செவ்வாக்கிழம ஆப்பரேசன். ரெண்டாவது பிள்ள. மூத்ததும் ஆப்பரேசன்தான். கத்தி பட்ட வயித்துக்கு மூணு நாளைக்குப் பச்சத் தண்ணி கெடயாது, தெரியும்லா? எம் மவ வாயில அன்னம் படுத வரைக்கும் என் வாயிலயும் அன்னம் படாது. முழு ஒருசந்தி. மாதா சாட்சி.”

சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவருடைய அக்கா எமில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையாலேயே மாதா சபை வாட்ஸப் குழுவில் செய்தியைப் போட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

இதில் ஒரே ஒரு பிழை இருந்தது. பிழைக்குக் காரணம் தண்டலேதான். போன மாசம் டாக்டர் ஞானதீபம், ஜெனோவையும் அவரையும் எதிரே உட்காரவைத்து, இந்தத் தடவை எப்படி எப்படிச் செய்யப்போகிறோம் என்று பொறுமையாக விளக்கினாள். ஆப்பரேசனுக்கு முன்னால் பட்டினி கிடக்க வேண்டாம், காலையில் தெளிந்த பழரசம் குடிக்கலாம். முடிந்த அன்றைக்கே சாப்பாடு, அன்றைக்கே நடை. அதுவரைக்கும் ரத்தம் ஊறுவதற்கு இரும்பு மருந்து, சாயங்காலம் கடற்கரையில் நடை. ஜெனோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தண்டல் கேட்கவில்லை. அவர் அந்த நேரத்தில் மினிக்காய்த் தீவுப் பக்கம் தன் தோணி புயலில் மாட்டின கதையை டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெனோ துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவள். புருஷன் ரெக்ஸ் சரக்குக் கப்பலில். இப்போது பிரேசிலுக்குப் போகிற வழியில் எங்கோ இருந்தான். அவள் அனுப்புகிற செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. அவள் பயமெல்லாம் கத்தியைப் பற்றியது அல்ல. மூத்தவன் இஞ்ஞாசி பிறந்தபோது வேறொரு ஆஸ்பத்திரி. எமில்டா அத்தைதான் அங்கே மேற்பார்வை. எழும்பாதே, தையல் பிரியும்; தண்ணி குடியாதே, புண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்; பேசாதே, வயிற்றில் காற்று ஏறும். ஜெனோ உப்புப் போட்ட மீன் மாதிரி மல்லாந்து கிடந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை வேறு அறையில் கிடந்து அழுதது. இவள் எழுந்து உட்காருவதற்குள் அதன் வாயில் பவுடர் பாலும் புட்டியும் பழகிவிட்டன. புண் சீழ் வைத்தது. பிறகு பால் ஊற என்று பால்சுறாப் புட்டு தின்று என்ன, காரல் மீன் சொதி குடித்து என்ன! இஞ்ஞாசி அவளுடைய பாலில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் இந்தத் தடவை வயிற்றில் பிள்ளை உதைக்கும்போதெல்லாம், “இரு, நான் வந்திருவேன்” என்று அதனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. உப்பளத்துப் புழுதியை வாரிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி ஜன்னலில் கொட்டியது. இஞ்ஞாசிக்குக் காய்ச்சல் என்பதால் பேபி வீட்டில் தங்கிவிட்டாள். துணைக்கு வந்தவர்கள் தண்டலும் எமில்டாவும். எமில்டா சுக்கு, பூண்டு, பெருங்காயம், அடிவயிற்றைக் கட்டுவதற்கு நாலு முழம் பழைய சேலை எல்லாம் ஒரு கூடையில் கொண்டுவந்திருந்தாள். தண்டல் ஜெபமாலையும் வெள்ளைச் சட்டையும் மட்டும். ஒருசந்திக்காரனுக்கு வேறு என்ன தேவை?

நர்ஸ் பிளாரன்ஸ் ஒரு டம்ளரில் ஆப்பிள் ரசம் கொண்டுவந்தாள். ஜெனோ வாங்கி மடமடவென்று குடித்தாள்.

“ஏளா!” என்றார் தண்டல். “என்னளா குடிக்க?”

“ஜூஸ்ப்பா.”

“ஆப்பரேசனுக்கு முன்னாலயா? ஏம்மா சிஸ்டர், ஒங்க டாக்டருக்கு இது தெரியுமா?”

“டாக்டர் சொல்லித்தான் அண்ணாச்சி குடுக்கேன். வெறும் வயித்துல கெடந்தா பிள்ளத்தாச்சிக்குத் தெம்பு போயிரும்லா. இதுக்கப்புறம் ஒண்ணும் கெடயாது.”

தண்டலின் முகம் போன போக்கைப் பார்த்து ஜெனோவுக்கே பாவமாக இருந்தது. நேர்ச்சை தொடங்கி இன்னும் பொழுது விடியவில்லை.  அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஜூஸு அன்னத்துல சேராது” என்று தீர்ப்புச் சொன்னார்.

“சேரவே சேராது” என்றாள் எமில்டா.

ஜெனோ அந்தத் தீர்ப்பை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஆப்பரேசன் நல்லபடி முடிந்தது. பெண் பிள்ளை. ஜெனோவின் நெஞ்சில் ஒரு நிமிஷம் கிடத்தினார்கள். சூடான ஈரம், பூனைக்குட்டி கனம். அப்புறம் மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறது என்று குழந்தைகள் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஜெனோவை அறைக்குக் கொண்டுவந்து போட்டதும் டாக்டர் ஞானதீபம் வந்து கட்டிலோரம் நின்றாள்.

“பயப்படாத. ஆப்பரேசன்ல பிறக்கிற பிள்ளைங்க சிலதுக்கு நெஞ்சுல கொஞ்சம் தண்ணி தங்கும். சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும். சரியானதும் பால் குடுக்கலாம். பிள்ளைங்க ரூம் இந்த வராந்தாவோட அந்தக் கடைசி. நீ நடந்து வந்தா நீயே குடு.”

“வர முடியலேன்னா, டாக்டர்?”

“சக்கர நாற்காலி இருக்கு. ஆனா நடந்தா ஒனக்கு நல்லது. அதுக்கு முதல்ல சாப்பிடணும்.” அவள் எமில்டாவின் கூடையைப் பார்த்தாள். “நான் சொல்றதச் சாப்பிடணும்.”

டாக்டர் போனதும் பிளாரன்ஸ் ஒரு சூயிங்கம்மைப் பிரித்து ஜெனோவின் கையில் கொடுத்தாள். எமில்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்னம்மா இது? பிள்ள பெத்தவளுக்குப் பபுள்காமா?”

“மெல்லட்டும்மா. வாய் அசைஞ்சா சாப்பாடு வருதுன்னு நெனச்சுக் கொடலு முழிச்சுக்கிடும். சீக்கிரம் காத்துப் பிரியும்.”

“ஆம்பள இருக்காவ” என்றாள் எமில்டா, குரலைத் தாழ்த்தி.

ஆம்பளை ஜெபமாலையை வேகமாக உருட்டினார்.

அதற்குள் மாதா சபைப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆறு பேர். வந்தவர்கள் நேரே தண்டலின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். “எப்பிடிண்ணே தாங்குதிய?” என்று ஒருத்தி கேட்டாள். “காலையில இருந்து சொட்டுத் தண்ணி இல்லியாமே.” தண்டல் கையை லேசாக அசைத்தார். “கடல்ல இத விடப் பாத்தாச்சு. மோட்டாரு நின்னு போயி, ஒரு வாரம், வெறும் வெங்காயம்.” ஜெனோ சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவர் சொன்ன இதே கதையில் இரண்டு நாள்தான் வெங்காயம் தின்றார்கள். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். போகும்போது இரண்டு பேர் ஜெனோவையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எமில்டா அவர்களை வழியனுப்பக் கீழே போய், வரும்போது பெரிய மக்ரூன் பெட்டி ஒன்றை வாங்கிவந்தாள். பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கிறது, டாக்டருக்கும் நர்சுகளுக்கும் கொடுக்க வேண்டாமா? தூத்துக்குடிக்காரி வெறுங்கையோடு நன்றி சொன்னாள் என்று பேர் வரக்கூடாது. நூல் கட்டிய பெட்டியைத் தண்டலின் தலைக்கு மேலே இருந்த அலமாரியில் வைத்தாள். முந்திரியும் முட்டையும் சீனியுமாக வாசம் அறை முழுக்க இறங்கியது. தண்டல் கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானம் இட்லி வந்தது. இரண்டு இட்லி, காரம் குறைந்த சாம்பார். பிளாரன்ஸ் தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். ஜெனோ கையை நீட்டினாள். எட்டவில்லை. தட்டு தண்டலின் மடிக்குப் போயிருந்தது.

“அப்பா, எடுங்க.”

“பொறு மக்ளே. கத்தி பட்டு ஒரு பொழுதுகூட ஆவல.”

“டாக்டர் திங்கச் சொல்லிருக்காவ.”

“டாக்டரு ஆயிரம் சொல்லுவா. அவளா தூக்கிச் சொமக்கப்போறா?” என்றாள் எமில்டா. “வயித்தப் பாத்துக்கோளா. இந்தத் தடவயாவது ஒழுங்காக் கெட.”

“போன தடவ ஒழுங்காத்தான கெடந்தேன் அத்த? அதுலதான சீழு புடிச்சிது?”

 எமில்டா கூடையிலிருந்த பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

அப்பா தன் முகத்தைப் பார்க்காமல் இட்லியைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஜெனோ கவனித்தாள். அவளுக்கு விஷயம் விளங்கியது. அவர் பயந்தது தையலுக்கு மட்டும் அல்ல. மூன்று நாள் ஒருசந்தி என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மத்தியானத்துக்குள் மகள் இட்லி தின்றுவிட்டால், நேர்ச்சை ஒரு காலைச் சாப்பாட்டைத் தவறவிட்ட அளவுக்குத்தான் நிற்கும். அதை விரதம் என்று சொன்னால் கோயில் வாசலில் சிரிப்பார்கள்.

சண்டை போடலாம். வயிற்றில் தையலை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் வலிக்கும். அவள் வேறு வழி பார்த்தாள்.

“அப்பா, ஒரு சந்தேகம். ஜூஸு அன்னத்துல சேராதுன்னு காலையில சொன்னியள்ளா?”

“ஆமா.”

“இட்லி சேருமா?”

தண்டல் நிமிர்ந்தார்.

“அன்னம்னா சோறுதான? சாமியார் பூசையில என்ன சொல்லுதாரு, பாட்டுல என்ன வருது, ஒங்களுக்குத் தெரியாததா? இட்லின்னு எங்கனயாவது வருதா?”

“இட்லின்னு வரல” என்றார் அவர் மெதுவாக.

“அப்ப நான் இட்லி தின்னா ஒங்க நேர்ச்சைக்கு ஒண்ணும் ஆவாது. நாளைக்கு நான் சோறு திங்கும்போது நீங்களும் திங்கலாம். அது வரைக்கும் ஒருசந்தி ஒருசந்திதான்.”

தண்டல் அக்காவைப் பார்த்தார். எமில்டா பூண்டை வைத்துவிட்டு யோசித்தாள். சபையில் இந்த மாதிரி விஷயங்களுக்கு அவள்தான் கடைசி வார்த்தை.

“இட்லி பலகாரம்தான்” என்றாள் கடைசியில். “அன்னம் இல்ல.”

தண்டலுக்கு முகம் தெளிந்தது. ஒரு துறைமுகத்தையே திறந்துவிடுகிற மாதிரி தட்டை மகள் பக்கம் திருப்பினார். அதோடு நிற்கவில்லை, தானே பிய்த்து, சாம்பாரில் தோய்த்து, ஊதி ஊதி ஊட்டினார். “நல்லாத் தின்னு மக்ளே. இன்னொண்ணு கேக்கட்டா? ஏம்மா சிஸ்டர்! பலகாரம் இன்னும் ரெண்டு கொண்டா!” ஒவ்வொரு வாய்க்கும் அவர் வாயும் தன்னையறியாமல் திறந்து மூடியது. ஜெனோ கடைசி வாயைத் தின்று தண்ணீர் குடித்தபோது, மயக்க ஊசியில் மரத்துப்போயிருந்த கால் விரல்களில் உணர்ச்சி திரும்பி வந்திருந்தது.

வலி வருவதற்கு முன்பே மாத்திரை கொடுத்தார்கள். வந்த பிறகு கொடுத்தால் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும் என்றாள் பிளாரன்ஸ். ஜெனோ கொஞ்சம் கண்ணயர்ந்தாள். விழித்தபோது எமில்டா இல்லை. கீழே மாதா படத்துக்கு மெழுகுதிரி வைக்கப் போயிருந்தாள். அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மக்ரூன் பெட்டியின் நூல் அவிழ்ந்து அலமாரியிலிருந்து தொங்கியது.

“அப்பா, பெட்டிய யாரு தொறந்தா?”

தண்டல் வாயைத் திறக்கவில்லை. ஜெபமாலையை உயர்த்திக் காட்டினார். ஜெபத்தின் நடுவே பேசக்கூடாது. ரொம்ப நேரம் கழித்து, எதையோ விழுங்கிவிட்டு, “எறும்பு” என்றார். “எறும்பு வந்துட்டோன்னு பாத்தேன்.”

வெயில் சாய்ந்து, கச்சான் கொஞ்சம் அடங்கியபோது குழந்தைகள் அறையிலிருந்து ஆள் வந்தது. பிளாரன்ஸ் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே திரும்பினாள்.

“பாப்பாவுக்கு மூச்சு நிதானத்துக்கு வந்துட்டாம் ஜெனோக்கா. பசியில கத்துதாம். வாரியளா, இல்ல இப்போதைக்குப் பவுடர் பால் குடுக்கச் சொல்லட்டா?”

பவுடர் பால் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஜெனோவுக்கு மார்பு குறுகுறுத்தது. சட்டையில் பொட்டளவு சீம்பால் ஈரம் கசிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஈரத்துக்காக அவள் எவ்வளவு அழுதாள்.

“வேண்டாம். நான் வாரேன்.”

“ஏளா!” மெழுகுதிரி வைத்துவிட்டு வந்த எமில்டா வாசலை அடைத்து நின்றாள். “தையலு பிரிஞ்சிரும்!”

“பிரியாதும்மா” என்றாள் பிளாரன்ஸ். மூத்திரக் குழாயை முன்னமே எடுத்திருந்தாள். ஜெனோவை ஒருக்களித்துத் திருப்பி, காலைத் தொங்கவிட்டு, கொஞ்சநேரம் அப்படியே உட்காரவைத்தாள். தலைகாணியைத் தையல்மேல் வைத்து அமுக்கிப் பிடிக்கச் சொன்னாள். “இப்ப எழும்புங்க. குனியாதிய. வலிக்கும், வலிச்சாலும் ஒண்ணும் ஆவாது.”

ஜெனோ எழுந்தாள். வயிற்றுக்குள் யாரோ ஈரக் கயிற்றை முறுக்குகிற மாதிரி இருந்தது.  உட்கார்ந்துவிட்டாள்.

 வராந்தாவின் கடைசியிலிருந்து ஒரு சின்ன அழுகை, நூல் மாதிரி, வந்துகொண்டிருந்தது.

“அப்பா” என்றாள். “அது நம்ம பிள்ளதான?”

தண்டல் அந்த அழுகையைக் கேட்டார். ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அக்காவைத் தோளால் நகர்த்தினார்.

“வழி விடுக்கா. ஏளா, என் தோளப் புடி. முழுப் பாரத்தையும் என் மேல போடு. ரெண்டு டன் நங்கூரத்த இழுத்த தோளு இது.” நங்கூரத்தை விஞ்சு மெஷின் இழுத்தது என்பது ஜெனோவுக்குத் தெரியும். ஆனாலும் தோள் நல்ல தோள்தான். பிடித்துக்கொண்டு எழுந்தாள். இந்தத் தடவை நின்றாள்.

முதல் அடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இரண்டாவதற்கு எமில்டா “மாதாவே” என்றாள். அப்புறம் வலி தன் இடத்தில் இருந்தது, நடை தன் பாட்டுக்கு நடந்தது. பிளாரன்ஸ் பின்னால் ஒரு காலி சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். தேவைப்பட்டால் ஜெனோ உட்கார்ந்துகொள்ளட்டும் என்று. தண்டல் வராந்தாவில் இருந்தவர்களை எல்லாம் ஒதுக்கிக்கொண்டே போனார். “ஒதுங்கு, ஒதுங்கு. ஏலே தம்பி, வாளியத் தள்ளி வையி. பிள்ள வருது.” நடுவழியில் ஜெனோ நின்று மூச்சு வாங்கினாள். அப்போது வயிற்றுக்குள் என்னவோ புரண்டு, கொஞ்சம் சத்தமாகவே காற்றுப் பிரிந்தது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நல்ல சகுனம்!” என்று பிளாரன்ஸ் கை தட்டினாள். “கொடலு முழிச்சுட்டு!”

எமில்டா தலையில் அடித்துக்கொண்டாலும் சிரித்துவிட்டாள். ஜெனோவும் சிரித்தாள், சிரித்தால் தையல் இழுத்தது, தலைகாணியை அமுக்கிக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

குழந்தைகள் அறையில் பிள்ளை கண்ணாடித் தொட்டிலில் கிடந்தது. முகமெல்லாம் சிவந்து, வாய் ஒரு பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தது. குச்சி மாதிரி காலில் ஊசி குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, ஒரு சின்னக் குழாய் விட்டிருந்தார்கள். ஜெனோவை நாற்காலியில் உட்காரவைத்துப் பிள்ளையைக் கொடுத்தார்கள். அது முட்டியது, நழுவியது, மறுபடி முட்டியது, பிறகு பிடித்துக்கொண்டது. தாடை அசைந்தது. விழுங்குகிற சத்தம் கேட்டது. “நான் வந்துட்டேன்” என்றாள் ஜெனோ.

தண்டல் குனிந்து பேத்தியைப் பார்த்தார். “தண்டல் வீட்டுப் பிள்ளைளா. பிடிய விடமாட்டா” என்றார். பிறகு அந்தக் காலைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். பிளாஸ்திரிக்குக் கீழே ஒரு துளி ரத்தம் காய்ந்திருந்ததைப் பார்த்தார்.

“இம்புட்டுக் காலுல...” என்று ஆரம்பித்தவர், முடிக்காமல், பாய்மரம் சாய்கிற மாதிரி நேராகப் பின்னால் சாய்ந்தார். பிளாரன்ஸ் சக்கர நாற்காலியை வெடுக்கென்று தள்ளிப் பிடித்ததில் அதற்குள்ளேயே விழுந்தார்.

“ஐயோ, ஒருசந்தி!” எமில்டா அலறினாள். “பட்டினி! சொட்டுத் தண்ணி இல்லாம கெடந்த மனுசன்! மவளுக்காக உயிரக் குடுக்கப் பாத்துட்டானே!” வராந்தாவில் கூட்டம் கூடியது. யாரோ கும்பிட்டார்கள். எமில்டா போனை எடுத்துப் படம் பிடித்தாள். குழுவில் போட வேண்டும்.

டாக்டர் ஞானதீபம் வந்து நாடி பார்த்தாள். பிளாரன்ஸ் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தாள்.

“நல்லா இருக்கு டாக்டர். சாப்பிட்ட ஆளுக்கு இருக்கிற மாதிரி.”

“இது பசி மயக்கம் இல்லம்மா” என்றாள் டாக்டர் எமில்டாவிடம். “ஊசியப் பாத்த மயக்கம். கொஞ்ச நேரத்துல எழும்பிருவாவ.”

ஜெனோ பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். தலை தொங்கியிருந்தது. கழுத்தில் ஜெபமாலை. மீசையில் மக்ரூன் தூள் ஒட்டியிருந்தது.